என் கல்யாணத்துக்கு அம்மா சொன்ன தடை

எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமானால் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளும் இன்னார் மகனும் மணம் செய்யப் போகிறார்கள், இதற்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று போதகர் மூன்று ஞாயிறு தொடர்ந்து கேட்பார். கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடுவார். அந்த ஒரு மூச்சுக்குள் எங்கள் சபையில் இதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை. பெண்கள் பக்கத்தில் என்ன புடவை, எந்த மண்டபம் என்று கிசுகிசுப்பு தொடங்கிவிடும். பையன்கள் போனை எடுத்துவிடுவார்கள். நானே எத்தனையோ ஓலைகளைக் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

என் ஓலை வாசித்த அன்றைக்கு ஒருவர் எழுந்து நின்றார். என்னைப் பெற்ற அம்மா.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் அவள் காலையில் இட்லி விற்கிறாள். தறியில் உட்காரப் போகிறவர்களும் சாயப் பட்டறைக்குப் போகிறவர்களும் அவள் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். வெளியூர்க்காரர்கள் யாராவது வந்து மிளகு சீரகம் போட்ட கோவில் இட்லி இருக்கிறதா என்று கேட்டால், “அது சாமிக்கு, இது மனுசனுக்கு, உக்காருங்க” என்பாள். அவளுக்கு வாழ்க்கையில் தெரிந்தது இரண்டே விஷயம். ஆண்டவர் கொடுத்தால் நன்றி சொல்ல வேண்டும், அவர் சொன்னால் கேட்க வேண்டும். இந்த இரண்டும் ஒரு வீட்டில் இருந்தால் ஆசீர்வாதம் கூப்பிடாமலே வந்து உட்காரும் என்பாள். தண்ணீர் வந்தால் நன்றி. காஸ் தீர்ந்துபோனால்கூட, கடைசித் தட்டு வெந்த பிறகு தீர்ந்ததே என்று அதற்கும் ஒரு நன்றி. நான் கிண்டல் செய்வேன். “சிரிச்சிக்கோ, உனக்கு இன்னா தெரியும்” என்பாள். அதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எனக்கு வேலை பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது. யானை, மயில், கோபுரம் என்று நாள் முழுக்கக் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருப்பேன். அந்த டிசைனைத் தறிக்கு ஏற்றும் மெஷின் பழுதானால் சரிசெய்ய மாகறல் பக்கத்திலிருந்து ஒருவர் வருவார். மெஷின் அடிக்கடி பழுதாக ஆரம்பித்தபோதே எனக்குச் சந்தேகம். கடைசியில் அவர் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்டார். அவர்களும் கிறிஸ்தவர்கள், நல்ல குடும்பம். எங்கள் அம்மா ஆசை ஆசையாகச் சம்மதித்தாள். வந்தவர்களுக்கு இட்லியும் வடகறியும் வைத்து, வைத்து, அவர்கள் எழுந்திருக்க முடியாமல் செய்தாள். என் கல்யாணப் புடவைக்கு நானே பார்டர் போட்டேன், சின்னச் சின்ன லில்லிப் பூக்களாக. அது எங்கள் தெருவிலேயே ஒரு தறியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிறு காலையில் என் மனசு முழுக்க அந்தப் பார்டர்தான்.

எங்கள் போதகர் புதிதாக வந்தவர். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். அன்றைக்கு அவர் பிரசங்கத்துக்கு எடுத்தது நன்றியும் கீழ்ப்படிதலும். பிள்ளை இல்லாமல் அழுது, ஒரு பிள்ளையைக் கொடுத்தால் அதை உமக்கே தருகிறேன் என்று சொல்லி, பிறந்த பிள்ளைக்குப் பால் மறக்கடித்ததும் கொண்டுபோய்க் கோவிலில் விட்டுவிட்டு வந்த ஒரு பழைய காலத்துத் தாயின் கதையைச் சொன்னார். வாங்கிக்கொள்ள வரிசையில் நிற்கிறோம், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற எத்தனை பேர் நிற்கிறோம் என்று கேட்டார். நன்றாகத்தான் பேசினார். பக்கத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிரசங்கத்துக்கு அழுவது அவளுக்குப் புதிதில்லை என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் சபையில் பிரசங்கம் முடிந்த பிறகுதான் அறிவிப்புகள். என் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வாசிக்கப்பட்டன. எதிர்ப்பக்கம் ஆண்கள் வரிசையில் அவரும், கடைசி பெஞ்சில் என் அப்பாவும், எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் அவர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். தடை உண்டா என்று போதகர் கேட்டார். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாத்ரூமுக்குப் போகிறாள் போல என்று நான் காலை மடக்கி வழி விட்டேன்.

“தடை இருக்குது ஐயா,” என்றாள்.

பையன்கள் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். போதகர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அதில் அடுத்த வரி ஏதாவது எழுதியிருக்குமா என்று தேடுகிற மாதிரி இருந்தது.

“அம்மா, நீங்க பொண்ணோட அம்மாதானே?”

“ஆமா ஐயா. பெத்தவ நான்தான், அதான் சொல்றேன். இவளை நான் ஆண்டவருக்குக் குடுத்துட்டேன். கைக்கொழந்தையில இவளுக்கு மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில கையை விரிச்சிட்டாங்க. இந்த உசிரை மட்டும் குடுங்க, இவளை நான் யாருக்கும் கல்யாணம் பண்ணிக் குடுக்க மாட்டேன், உம்ம ஊழியத்துக்கே விட்டுடறேன்னு பொருத்தனை பண்ணேன். அவர் குடுத்துட்டாரு. இவங்க அப்பாவுக்கு ஆட்டோ, எனக்குக் கடை, இவளுக்குப் படிப்பு, எல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான். நான்தான் அவரை ஏமாத்திக்கினு இருக்கறேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பொருத்தனை எங்கள் ஜனங்களுக்குப் பழக்கமான விஷயம்தான். பரீட்சையில் பாஸானால் ஆலயத்துக்கு ஒரு ஃபேன், வீடு கட்டினால் ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் என்று ஆண்டவரிடம் வாக்குக் கொடுப்பார்கள். பிள்ளையையே ஊழியத்துக்கு நேர்ந்துவிடுகிறவர்களும் உண்டு. எங்கள் சபையில் அப்படி நேர்ந்துவிடப்பட்ட ஒரு பையன் இப்போது வேறு ஊரில் போதகராக இருக்கிறார். ஆனால் நேர்ந்துவிடப்பட்ட பொருள் நான்தான் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் சபைக்கே தெரிந்துபோனது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன்.

வெளியே மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவை மறித்துக்கொண்டார். “பொண்ணு கேட்டு வந்தப்ப இதைச் சொல்றதுக்கு இன்னாமா? அன்னைக்கு உங்க ஆண்டவரு ஊருக்குப் போயிருந்தாரா?” என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நானே அதைத்தான் கேட்க இருந்தேன். அம்மா குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை என் பக்கம் வந்து, “நீ வீட்டுக்குப் போ, நான் போன் பண்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். போன் பண்றேன் என்றால் என்ன அர்த்தம் என்று வழி முழுக்க மனசுக்குள் அவரையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கறிக்குழம்பு ஆறிப்போய்க் கிடந்தது. அப்பா தன் ஆட்டோவின் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் கோபம் வந்தாலும் அங்கேதான், சந்தோஷம் வந்தாலும் அங்கேதான். நான் அம்மாவிடம் போய் நின்றேன்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“உனக்கு அப்போ பேச்சே வரலையே” என்றாள் அவள், நிஜமாகவே.

“இப்போ வருதே. நிச்சயம் பண்றதுக்கு முன்னால கேட்டிருக்கலாமே.”

“அவரு மறந்திருப்பாருன்னு நெனச்சேன்” என்றாள். ஆண்டவர் மறந்திருப்பார் என்று நினைத்தாளாம். வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். இத்தனை வருஷம் இவள் எனக்குச் சோறு ஊட்டியதும், பரீட்சைக்கு ஜெபித்து அனுப்பியதும், எண்ணெய் வைத்துப் பின்னல் போட்டதும் வேறு யாருடைய பொருளையோ பத்திரமாக வைத்திருந்த மாதிரி எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அதைவிட எனக்கு வலித்தது வேறு எதுவும் இல்லை.

சாயங்காலத்துக்குள் போதகர் சைக்கிளில் வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். பைபிளைத் திறந்து அம்மா முன்னால் வைத்தார். பழைய ஏற்பாட்டில் ஒரு சட்டம் இருக்கிறதாம். கல்யாணமான பெண் ஒரு பொருத்தனை செய்து, அதைக் கேள்விப்பட்ட நாளிலேயே புருஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்தப் பொருத்தனை செல்லாது. ஆண்டவரே அவளை மன்னித்துவிடுவார். கேட்டும் புருஷன் பேசாமல் இருந்துவிட்டால் அது நிலைத்துவிடும்.

“இன்னைக்குத்தானே உங்க வீட்டுக்காரர் கேட்டாரு? இன்னும் பொழுது சாயல. அவர் ஒரு வார்த்தை சொன்னா போதும்மா,” என்றார். காலையில் பேசிய பிரசங்கம் இப்படி வந்து விடியும் என்று பாவம் அவர் கண்டாரா?

எனக்கு மூச்சு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அதிலும் ஏதோ தளர்ந்தது. அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று அப்போது எனக்குப் புரிந்தது. ஆண்டவரே சொன்ன வழி, அதில் கீழ்ப்படியாமை இல்லை. நான் ஓடிப்போய் அப்பாவை ஆட்டோவிலிருந்து கூட்டிவந்தேன். அப்பாவுக்கு பைபிள் வாசிக்கிற பழக்கம் கிடையாது. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர், கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும்தான் ஒழுங்காக வருவார். போதகர் மறுபடி முழுதும் விளக்கினார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

“வேண்டாம்னு சொல்லுப்பா,” என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“நான் இன்னைக்குக் கேக்கல ஐயா. அன்னைக்கே கேட்டேன்.”

யாருக்கும் புரியவில்லை.

“வார்டு கதவாண்ட நின்னுக்கினு இருந்தேன். டீ வாங்கினு வந்தேன். இவ முட்டி போட்டு சொல்லிக்கினு இருந்தா. முழுசும் கேட்டேன். எனக்கும் அப்போ அதான் தோணுச்சு, பொழைச்சா போதும்னு. நானும் ஆமென்னு சொன்னேன். இவளுக்குத் தெரியாது.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் தனியாகச் சுமந்தேன் என்று அவள் நினைத்ததை இந்த மனுஷனும் கூடவே சுமந்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல். போதகர் பைபிளை மூடினார்.

“அப்பா, ஒரு பொய் சொன்னா குடி முழுகிடுமா?” என்று கத்தினேன். வாழ்க்கையில் சவாரிக்கு வருகிறவர்களிடம் எவ்வளவு பொய் சொல்லியிருப்பார். மீட்டர் ரிப்பேர் என்று சொன்னதே எத்தனை தரம்.

“மனுசன் கிட்ட சொல்றது வேற” என்றார். “உசிரைக் குடுத்தவர் கிட்ட எப்படிம்மா சொல்றது?”

எனக்கு வந்த கோபத்தில் போதகர் இருக்கிறார் என்பதைக்கூடப் பார்க்கவில்லை. “இந்த வீட்டுல இதை இன்னைக்குக் கேட்டது நான் ஒருத்திதான். கேட்ட அன்னைக்கே வேண்டாம்னு சொல்றேன். என் உசிரு வந்ததுக்கு நான் நன்றி சொல்றேன், சாகுற வரைக்கும் சொல்றேன். ஆனா என்னை யாரும் யாருக்கும் குடுக்க வேண்டாம்” என்றேன். போதகர் மெல்ல, “அந்தச் சட்டம் தகப்பனுக்கும் புருஷனுக்கும் சொன்னதும்மா, நேர்ந்துவிட்ட பிள்ளைக்கு அதுல இடமில்ல” என்றார். “அப்ப இடம் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்புறம் மனம்விட்டு அழுதேன்.

மறுநாள் போதகர் மேலே இருக்கிற பெரியவர்களைக் கேட்டு வந்து சொன்னார். அம்மா சொன்னதைச் சபை தானாகத் தடையாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் அடுத்த ஞாயிறும் அவள் எழுந்து நின்றால் விசாரணை வைத்தே ஆக வேண்டும். விசாரணை என்றால் மண்டபம் போச்சு, மாப்பிள்ளை வீடு போச்சு, கல்யாணம் நின்ற மாதிரிதான். எல்லாம் அம்மா எழுந்திருப்பதிலும் உட்கார்ந்திருப்பதிலும் வந்து நின்றது.

அந்த வாரம் அம்மா இட்லி விற்றாள், யாரோடும் பேசவில்லை. புடவை நெய்கிற அண்ணன் சாம்பார் வாங்க வந்தவர், “இன்னாமா, தறியை நிறுத்திக்கவா?” என்று என்னிடம் கேட்டார். ஓடட்டும் என்றேன், எந்தத் தைரியத்தில் சொன்னேனோ. மாப்பிள்ளை போன் செய்தார். தன் அம்மாவைச் சமாளித்துவிட்டதாகவும், இனி எங்கள் அம்மாதான் பாக்கி என்றும் சொன்னார். பிறகு ஒருநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் கடைக்கே வந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். அம்மா வைத்தாள், சட்னி ஊற்றினாள், நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவர் போன பிறகு அந்தத் தட்டைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு மாவு அரைக்கும்போது அவளாகவே பேசினாள்.

“நீ கன்னியாஸ்திரி ஆவணும்னு எனக்கு ஆசையில்லடி. அந்தப் பையனை எனக்குப் புடிச்சிருக்குது.”

“அப்புறம் இன்னாமா?”

“நீ செத்துட்டே, தெரியுமா? துணி மாதிரி என் கையில கெடந்தே. பேசி வாங்கினேன். பேச்சை மாத்திட்டா குடுத்ததைத் திருப்பி எடுத்துக்குவாரோன்னு இருக்குது. கல்யாணம் ஆயி, கொழந்த கிழந்த ஆவறப்போ உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அன்னைக்கு நான் எங்க போயி முட்டிக்கறது?”

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இவளுடைய நன்றி, கீழ்ப்படிதல், ஆசீர்வாதம் எல்லாவற்றுக்கும் அடியில் இவ்வளவு பயம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லைம்மா என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றாள். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. நான் அவரிடம் எதையும் பேசி வாங்கியதில்லை.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் கூட்டம் அலைமோதியது. கிறிஸ்மஸுக்குக்கூட வராதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா ஆண்கள் பக்கத்தில் முதல் தடவையாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வந்திருந்தார், அவர் அம்மாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தார். போதகர் பிரசங்கத்தை ரொம்பச் சின்னதாக முடித்துக்கொண்டார், சமாதானம் பற்றி.

இரண்டாவது தடவை எங்கள் பெயரை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். அத்தனை பேரும் எங்கள் பெஞ்சைப் பார்த்தார்கள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரோ அவளை இழுக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. உதடு அசைந்தது. எனக்குத் தாங்கவில்லை, அவள் பக்கம் சாய்ந்தேன். அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

“அவளை விட்டுடுங்க ஆண்டவரே. அவளுக்கு ஈடா என்னை எடுத்துக்கோங்க. எப்ப வேணா எடுத்துக்கோங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

போதகர் ஒரு மூச்சு விட்டார், அடுத்த அறிவிப்புக்குப் போனார், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பிக்னிக் பற்றி. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். இன்றைக்கு எழுந்திருக்காதவள் மூன்றாவது ஞாயிறும் எழுந்திருக்க மாட்டாள், என் கல்யாணம் நடக்கப் போகிறது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அம்மா கண்ணைத் திறந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“இன்னாமா சொல்லிக்கினு இருந்தே?” என்று கேட்டேன்.

என் அம்மா ஆலயத்துக்குள் உட்கார்ந்து பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

“ஒண்ணும் இல்லடி. நன்றிதான் சொல்லிக்கினு இருந்தேன்,” என்றாள்.